குழந்தையின் கை அசையவில்லை: கைக்கு மூன்று மாதம், கேஸுக்கு இரண்டு வருஷம்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் தங்கைக்குத் தலைப்பிரசவம், உள்ளூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வேக்குவம் (குழந்தையின் தலையில் கப் மாதிரி ஒட்டி இழுக்கும் கருவி) வைத்து எடுத்திருக்கிறார்கள். குழந்தை 4.1 கிலோ. பிறந்ததிலிருந்து வலது கை அசையவில்லை. "நரம்பு லேசா இழுபட்டிருக்கு, தானா சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது 38 நாள். கை சரியாகுமா, இது டாக்டர் செய்த தவறா, கேஸ் போட்டால் நிற்குமா என்று கேட்கிறார். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்துப் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். இப்படிப்பட்ட சில வழக்குகளுக்குக் கையின் நிலை பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் படியும் ஏறிப் பழக்கம். வக்கீல் இல்லை, சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

தம்பி, வழக்குத் தொடர உங்களுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. கைக்கு இருப்பது மூன்று மாதம், அதில் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. அதனால் கேஸ் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு ஐந்து நரம்பு வேர்கள் இறங்குகின்றன. கழுத்தில் 5, 6, 7, 8ஆம் வேர்கள், மார்பில் முதல் வேர். இவை காறை எலும்புக்கு (காலர் போன்) பின்னால் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து தோளுக்கும் முழங்கைக்கும் விரலுக்கும் போகின்றன. இந்தப் பின்னலைத்தான் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்பார்கள். பிரசவத்தில் தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமுமாக இழுபட்டால் முதலில் அடி வாங்குவது மேல் வேர்கள் இரண்டும். அப்படி வருவதுதான் எர்ப்ஸ் பால்சி. தோள் எழாது, கை உள்பக்கம் திரும்பியிருக்கும், முழங்கை நீட்டிக்கொண்டு மடங்காமல் கிடக்கும், மணிக்கட்டு வளைந்து உள்ளங்கை பின்பக்கம் பார்க்கும். ஆனால் விரல் அசையும், உங்கள் விரலைக் கொடுத்தால் பற்றிக்கொள்ளும். கீழ் வேர்களும் போயிருந்தால் விரல்கூடப் பிடிக்காது, கை முழுக்கத் துவண்டு கிடக்கும். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றோ இரண்டோ என்ற கணக்கில் உலகம் முழுக்க நடப்பதுதான் இது.

எந்த வேர் என்பதைவிட எவ்வளவு அடிபட்டது என்பதுதான் கையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. நரம்பு வெறுமனே இழுபட்டு அதிர்ந்திருந்தால் சில வாரங்களில் கை எழும். உள்ளே இழைகள் அறுந்து மேலுறை நின்றிருந்தால் மாதக் கணக்கில் மெல்ல வளர்ந்து சேரும். முழுக்க அறுந்திருந்தால் தானாகச் சேராது. கடைசி வகை, வேரே தண்டுவடத்திலிருந்து பிய்ந்து வருவது. நாற்றங்காலில் நாற்று பறிக்கும்போது தண்டு நடுவில் அறுவதற்கும் வேரோடு கையில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேரோடு வந்த நரம்பைத் திரும்ப அதே இடத்தில் ஒட்ட முடியாது. வேறொரு நரம்பைக் கொண்டுவந்துதான் அந்தத் தசைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

"தானா சரியாகிடும்" என்று அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. பழைய புத்தகங்களில் பத்தில் ஒன்பது குழந்தைக்குச் சரியாகும் என்றுதான் இருக்கும். பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் வந்த பிறகு அந்தக் கணக்கு இறங்கிவிட்டது. 20 முதல் 30 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. உங்கள் மருமகன் எந்தப் பக்கம் என்பது தானாகத் தெரியாது, கவனித்தால்தான் தெரியும். அப்படிச் சொல்லி அனுப்பியதோடு, "ஒரு மாதத்தில் முழுசாகச் சரியாகவில்லை என்றால் இன்ன இடத்தில் காட்டுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எனக்கு அந்த டாக்டர் மேல் வருத்தமே இருந்திருக்காது.

இன்றைக்கே வீட்டில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தை பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் சட்டையைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். நல்ல கை எப்படி ஆடுகிறது, இந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். முழங்கை கொஞ்சமாவது மடங்கி, கை மெத்தையை விட்டு மேலே எழுகிறதா? உள்ளங்கையில் விரல் வைத்தால் பிடிக்கிறதா? அழும்போது இரண்டு கண்ணையும் பாருங்கள். வலது கண் இமை மட்டும் சற்றுத் தொங்கி, கண்மணியும் இடது கண்ணைவிடச் சின்னதாக இருந்தால் அது வேர் பிய்ந்ததற்கான அடையாளமாக இருக்கலாம், காத்திருக்காமல் காட்டுங்கள். மூச்சு வேகமாக இருக்கிறதா, பால் குடிக்கும்போது திணறுகிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் மூச்சு விட உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூங்கும்போது ஒரு கண் மூடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகளுக்கு முக நரம்பு அழுந்துவது உண்டு. அது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், அதுவரை கண் காயாமல் சொட்டு மருந்து விட்டால் போதும்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுங்கள். வாரத்துக்கு ஒன்று, ஒரே வெளிச்சத்தில், இரண்டு கையும் தெரியும்படி. அறுவை சிகிச்சை நிபுணர் முதலில் கேட்பது இதைத்தான். பின்னால் கேஸ் என்று போனாலும் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். காறை எலும்பு முறிந்தாலும் வலிக்குப் பயந்து குழந்தை கையை அசைக்காது; அது நரம்புக் கோளாறு மாதிரியே தெரியும், சில வாரங்களில் எலும்பு கூடி கையும் ஆடிவிடும். இரண்டும் சேர்ந்தும் வரும். ஒன்று மட்டும் வேறு கதை: பிறந்தபோது நன்றாக ஆடிய கை, பிறகு காய்ச்சலோடு அசையாமல் போனால் மூட்டில் சீழ் வைத்திருக்கலாம். அதற்கு அன்றே ஆஸ்பத்திரி.

எங்கே போவது? தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் மருத்துவமனை, உங்களுக்கு இன்னும் பக்கத்தில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் காட்டிவிட்டு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எது என்று கேளுங்கள். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை உள்ள குழந்தைகளுக்கு பிசியோதெரபி உட்பட எல்லாம் இலவசமாகச் செய்யத்தான் அது இருக்கிறது. பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. மூன்றாம் மாதம் முடியும்போது முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை பார்ப்பவரிடம் போயே ஆக வேண்டும். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு, கோவையில் கங்கா மருத்துவமனை இரண்டும் இந்த வேலையில் பெயர் எடுத்தவை. அங்கே முறை கிடைக்கவே நாளாகும் என்பதால் இரண்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், எது அதில் அடங்கும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று மாதக் கணக்கை யாரோ வசதிக்குப் போட்டது என்று நினைக்காதீர்கள். நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து முழங்கைத் தசையைத் தொடவே பல மாதம் ஆகும். அதுவரை நரம்பு வராமல் காத்திருக்கும் தசை சும்மா இருக்காது, சுருங்கிக்கொண்டே வரும். ஒன்றரை வருஷம் தாண்டினால் நரம்பு போய்ச் சேர்ந்தாலும் அந்தத் தசை எழுந்திருக்காது. அதனால்தான் காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டுவதையோ, பக்கத்து நரம்பின் ஓர் இழையைத் திருப்பி விடுவதையோ மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் செய்யப் பார்க்கிறார்கள். "பையனுக்கு ஒரு வயசு ஆகட்டும்" என்று காத்திருந்து கூட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது வீட்டு வைத்தியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தலைப்பிரசவம் என்றால் குழந்தை இப்போது உங்கள் அம்மா கையில்தான் இருக்கும். குளிப்பாட்ட வரும் ஆயா கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கடைசியில் ஒரு கையையும் எதிர்க் காலையும் குறுக்கே இழுத்துச் சேர்ப்பாரே, அதை இந்தக் குழந்தைக்குச் செய்யவே கூடாது. இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி உதறுவதும் கூடாது. அறுந்தும் அறாமலும் நிற்கும் நரம்பு அந்த உதறலில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுளுக்கு எடுக்கிறேன், உரம் விழுந்ததை எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் அணைப்புக் கொடுத்து, கையை இழுக்காமல் செய்தால் போதும். பெரியவர்களிடம் "இது கூடாது" என்று சொன்னால் கோபம் வரும். "டாக்டர் ஆறு மாசத்துக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கார் பாட்டி" என்று என் தலையில் பழியைப் போட்டுவிடச் சொல்வேன். அது நன்றாகவே வேலை செய்கிறது.

இது நம் ஊர் அறியாமை என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 1859இல் பிறந்தபோது தலைக்குப் பதில் பிட்டம் முன்னால் வந்த கடினமான பிரசவம், இடது கைக்கு இதே நரம்புக் காயம். அரச வீட்டுப் பிள்ளைக்கே அப்போதே அறுத்த முயலுக்குள் கையைச் சொருகி வைத்துப் பார்த்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். கை கடைசிவரை வலது கையைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் குட்டையாகவே இருந்தது. அவர் புகைப்படங்களில் இடது கை வாள் கைப்பிடி மேலோ கையுறை பிடித்தபடியோதான் இருக்கும்.

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. தோள் மூட்டு உள்பக்கமே திரும்பி இறுகிப்போகாமல் காப்பதுதான் முதல் ஆறு மாதத்தின் முழு நோக்கம். நரம்பு தேறினாலும் மூட்டு இறுகியிருந்தால் கை எழாது. நாளாவட்டத்தில் தோள் எலும்பே குழியிலிருந்து பின்பக்கம் நழுவும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையால் தோள்பட்டையை அசையாமல் அணைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். எதிர்ப்புத் தெரியும் இடத்தில் சில நொடி நிறுத்தி விடுங்கள். துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் சில தடவை. முதல் தடவை மட்டும் பிசியோதெரபிஸ்ட் உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக் காட்டித் தரட்டும், படித்துவிட்டுச் செய்ய வேண்டாம். சட்டை போடும்போது அசையாத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பால் கொடுக்கும்போது அந்தக் கை பின்னால் தொங்காமல் முன்னால் இருக்கட்டும்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இது டாக்டரின் தவறா?

நடந்தது அநேகமாக ஷோல்டர் டிஸ்டோசியாவாக இருக்கும். தலை வெளியே வந்துவிடும், முன்பக்கத் தோள் தாயின் இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். வந்த தலை மறுபடி கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும், தாமதமானால் மூளைக்குப் பிராணவாயு குறையும். பிரசவ அறையில் இதைவிடப் பதற்றமான நேரம் குறைவு. இதை முன்கூட்டிச் சொல்வதும் கடினம். இப்படி மாட்டிக்கொள்ளும் குழந்தைகளில் பாதிக்கு நான்கு கிலோகூட இருக்காது. கர்ப்பப்பையின் நெட்டித் தள்ளும் வேகத்திலேயே நரம்பு இழுபடலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரி தரப்பு வக்கீல்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிசேரியனில் பிறந்த குழந்தைக்கும் அபூர்வமாக இது வருகிறது. ஆகவே கை விழுந்தது என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. இதைச் சொன்னால் நான் டாக்டர் பக்கம் பேசுகிறேன் என்பார்கள். பேசவில்லை, இன்னும் முடிக்கவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்ட விஷயம். உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். தாயின் இரண்டு தொடையையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பல குழந்தைகள் இந்த ஒன்றிலேயே வந்துவிடும். கூடவே அடிவயிற்றில், இடுப்பு முன்னெலும்புக்கு நேர் மேலே அழுத்தம் கொடுத்துத் தோளைச் சரிக்க வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே கைவிட்டுத் தோளைத் திருப்புவது, பின்பக்கக் கையை முதலில் எடுப்பது, தாயை முட்டி போட்டுக் கவிழ்ந்து நிற்க வைப்பது. செய்யக் கூடாதவை இரண்டு: தலையைப் பக்கவாட்டில் வளைத்து இழுப்பது, வயிற்றின் உச்சியில் ஏறி அமுக்குவது. உச்சியில் அமுக்கினால் மாட்டிய தோள் எலும்பில் இன்னும் இறுகத்தான் செய்யும்.

இங்கேதான் உங்கள் தங்கையிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். "வயித்த அமுக்கினாங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கே அமுக்கினார்கள்? தொப்புளுக்கு மேலேயா, அடிவயிற்றிலா? மேலே என்றால் தவறான வைத்தியம், கீழே என்றால் சரியான வைத்தியம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலை மடக்கிப் பிடித்தார்களா, வேக்குவம் எத்தனை தடவை கழன்றது, தலை வந்து உடம்பு வர எவ்வளவு நேரம் ஆனது, அறையில் யார் யார் இருந்தார்கள் என்று அவர் நினைவில் இருப்பதை அவர் வார்த்தையிலேயே இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். ஆறு மாதம் போனால் உறவுக்காரர்கள் சொன்னதும் அவர் நினைவும் கலந்துவிடும்.

பயிற்சி இருந்தால் இந்தக் காயம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் டாக்டர்கள், செவிலியர்கள் எல்லாரையும் பொம்மை வைத்து இதற்கென்று பழக்கினார்கள். தோள் மாட்டிக்கொண்ட பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியது என்று 2008இல் எழுதினார்கள். அதே மாதிரித் தாய்மார்கள், அதே மாதிரி எடைக் குழந்தைகள்தான். மாறியது கை வேலை. "இது விதி" என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வது வழக்கம்.

பிரசவத்துக்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். எனக்குப் பல கேஸ்களில் விஷயம் அங்கேதான் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். 140ஓ அதற்கு மேலோ என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தையின் தலையைவிடத் தோளும் மார்பும் பெருக்கும், தோள் மாட்டும் வாய்ப்பு கூடும். உங்கள் தங்கையின் தாய்சேய் நலப் புத்தகத்தில் அந்த எண் என்ன? கடைசி ஸ்கேனில் எடை எவ்வளவு? ஸ்கேன் எடையில் 10, 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம், 4.1 கிலோ குழந்தைக்கு ஸ்கேனில் 3.6 என்று வந்திருந்தால் அது குற்றமில்லை. ஆனால் சர்க்கரையும் இருந்து, எடையும் நாலுக்கு மேல் காட்டி, அதன் மேல் வேக்குவமும் வைத்தார்கள் என்றால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. பெரிய குழந்தைக்கு வேக்குவம் தோள் சிக்கலைக் கூட்டும் என்பது எல்லாரும் அறிந்தது.

அப்படியானால் பெரிய குழந்தை என்றாலே சிசேரியன் செய்திருக்கலாமே என்பீர்கள். சர்க்கரை இல்லாத தாய்மார்களில் நாலரை கிலோவுக்கு மேல் என்று ஸ்கேன் சொன்னவர்களுக்கெல்லாம் சிசேரியன் செய்தால், ஒரே ஒரு நிரந்தரக் காயத்தைத் தடுக்க 3,695 சிசேரியன் தேவைப்படும் என்று 1996இல் அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு 443 போதும். ஆகவே எல்லாருக்கும் வயிற்றைக் கிழிப்பது வழியல்ல. சர்க்கரை உள்ள தாயிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது கடமை. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் மான்ட்கோமரி வழக்கு இதே விஷயம்தான். சர்க்கரை உள்ள, குள்ளமான தாய். தோள் மாட்ட 9, 10 சதவீத வாய்ப்பு இருந்தும் டாக்டர் சொல்லவில்லை, சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று. குழந்தைக்கு மூளையும் கையும் பாதித்தது. சொல்லாமல் விட்டதே தவறு என்று 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். நம் உச்ச நீதிமன்றமும் 2008இல் ஒரு தீர்ப்பில், சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழியையும் போதிய அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது.

இப்போது காகிதம். கேஸ் போடுகிறீர்களோ இல்லையோ, கேஸ் ஷீட் நகலை இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப், பிரசவக் குறிப்பு, குழந்தையின் முதல் பரிசோதனைக் குறிப்பு எல்லாம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும், மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அறுவை சிகிச்சை நிபுணருக்கும் இதே காகிதம்தான் தேவை, அதனால் "குழந்தையின் மேல்சிகிச்சைக்காக" என்று எழுதிக் கேட்டால் அது பொய்யும் இல்லை, ஆஸ்பத்திரியும் மிரளாது.

வந்ததும் பிரசவக் குறிப்பைப் பாருங்கள். தலை வந்த நேரம், உடம்பு வந்த நேரம், எந்தத் தோள் முன்னால் இருந்தது, என்னென்ன முறை செய்தார்கள் என்று இருந்தால் பொறுப்பான ஆஸ்பத்திரி. முன்னால் இருந்த தோள் இடது, விழுந்த கை வலது என்று இருந்தால், இழுத்ததால் வந்தது என்ற வாதம் பலவீனமாகும். 4.1 கிலோ குழந்தைக்கு வேக்குவம் வைத்து, கை விழுந்து, குறிப்பில் "நார்மல் டெலிவரி, தாயும் சேயும் நலம்" என்று ஒரே வரி இருந்தால் அந்த வரிதான் உங்கள் பலம். தோள் சிக்கலே இல்லை என்று எழுதிவிட்டு, அதற்கான முறைகளைச் செய்தோம் என்று பின்னால் சொல்ல முடியாது.

கேஸ் எங்கே? காசு வாங்கிச் சிகிச்சை தருவது நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. குழந்தையும் நுகர்வோர், அழைத்துப்போன பெற்றோரும் நுகர்வோர் என்பது 1998 தீர்ப்பு. 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. குழந்தையின் அப்பா திருப்பூரில் வேலை பார்த்துக் குடியிருந்தால் அங்கேயும் போடலாம், குடியிருக்கும் இடத்தில் போட இந்தச் சட்டம் அனுமதிக்கிறது. நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை என்று 2010இல் தீர்ப்பு உண்டு. ஆனாலும் பிரசவ வழக்கில் மகப்பேறு நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுக்காமல் ஜெயிப்பது சிரமம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. தஞ்சாவூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கும் திருவாரூர், நாகைக்காரர்கள் சென்னைக்கும் போக வேண்டும், டெல்டாவுக்குள்ளேயே இப்படி இரண்டு திசை. ஆனால் அரசு ஆஸ்பத்திரி என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறு. எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டு, பார்வை போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அங்கே தோற்றது சிகிச்சை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதுதான். உங்கள் கேஸில் "தானா சரியாகிடும்" என்ற வாக்கியத்தை நான் ஏன் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறேன் என்று இப்போது புரியும். அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததை நிரூபிப்பது கடினம். அதற்குப் பிறகு எந்தத் தேதியில் யாரிடம் அனுப்பினார்கள், அனுப்பவில்லை என்பது காகிதத்திலேயே இருக்கும்.

போலீஸ், மறியல் பற்றி வீட்டில் இளவட்டங்கள் பேசினால் அடக்கி வையுங்கள். டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் கடும் அலட்சியம் தெரிய வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்து வாங்காமல் நடவடிக்கை கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி உடைந்தாலோ 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் வர முடியாத வழக்கு உங்கள் மேல் வரும். ஒழுங்கு நடவடிக்கை மட்டும் வேண்டும் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், ஆஸ்பத்திரி வசதி பற்றிய புகாருக்கு மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர். இரண்டிலும் பணம் வராது.

இழப்பீடு எவ்வளவு கேட்பது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். கை எவ்வளவு தேறும் என்பது ஒரு வயதைத் தாண்டினால்தான் ஓரளவு தெரியும். அதற்குள் ஆகும் பஸ் செலவு, தெரபி ரசீது, அப்பா விட்ட சம்பளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பின்னாளில் குறை 40 சதவீதமோ அதற்கு மேலோ தங்கினால் மாற்றுத்திறனாளி அட்டையும் எடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் இந்தக் காகிதங்கள் உதவும்.

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். ஒரு முறை தோள் மாட்டிய தாய்க்கு அடுத்த பிரசவத்தில் மறுபடி மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் தங்கை அடுத்து உண்டாகும்போது முதல் மாதப் பரிசோதனையிலேயே, எந்த ஆஸ்பத்திரி ஆனாலும், "முதல் குழந்தைக்குத் தோள் மாட்டிக் கை விழுந்தது" என்று சொல்லி, தாய்சேய் நலப் புத்தகத்தின் முன்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சர்க்கரைப் பரிசோதனையை ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பவும் செய்யச் சொல்லுங்கள். சிசேரியனா இல்லையா என்பதை வலி வந்த ராத்திரியில் பேசாமல் எட்டாம் மாதத்திலேயே டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.